சும்மா நிற்க விடாத மைனி

மைனி இருக்கிற இடத்தில் ஒருத்தரும் சும்மா நிற்க முடியாது. நின்றால் தொலைந்தோம். மின்சார மீட்டர் பார்க்க வந்தவர் ஏணியைப் பிடித்துக்கொண்டு நிற்பார். கூரியர் கொடுக்க வந்தவர் மேஜையின் ஒரு முனையைத் தூக்கிக்கொண்டு அடுத்த அறைக்குப் போய்க்கொண்டிருப்பார். “கொஞ்சம் பிடிங்க அண்ணாச்சி, இந்தா வந்துருதேன்” என்று சொன்ன மைனி அதற்குள் எங்கேயோ போய் வேறு யாருக்கோ சோலி கொடுத்துக்கொண்டிருப்பார். வந்தவர்கள் எரிச்சல்பட்டுப் போவார்கள் என்றுதானே நினைப்பீர்கள்? நானும் அப்படித்தான் நினைத்தேன். அந்த மீட்டர்காரர் பாதிப் படி இறங்கியவர் திரும்பி நின்று, “வேற எதும் சோலி இருக்காம்மா?” என்று கேட்டதை என் காதால் கேட்டிருக்கிறேன்.

எங்கள் பக்கத்தில் அண்ணன் மனைவியை மைனி என்போம். இவர் எனக்குச் சொந்தமெல்லாம் இல்லை. இவருடைய வீட்டுக்காரரை ஆபீசில் எல்லோரும் அண்ணன் என்று கூப்பிட்டோம், அதனால் இவர் மைனி. இரண்டு பேரும் பெங்களூரில் கம்ப்யூட்டர் விளையாட்டுகள் தயாரிக்கிற இடத்தில் பல வருடம் குப்பை கொட்டிவிட்டு, சங்கரன்கோவிலுக்கே திரும்பி வந்து, ரயில் நிலையத்துக்குப் போகிற ரோட்டில் ஒரு ஜவுளிக்கடை மாடியில் சொந்தமாக ஒரு கம்பெனி ஆரம்பித்திருந்தார்கள். அண்ணன் ஒப்பந்தம், வரவு செலவு எல்லாம் பார்ப்பார். விளையாட்டின் விதிகளை எழுதுவது மைனி. யார் எதைத் தொட்டால் என்ன நடக்கும், எவ்வளவு அடி வாங்கினால் ஆள் விழுவான் என்பதெல்லாம் அவர் கையில். கீழே சேலையும் துண்டும் விற்றுக்கொண்டிருப்பார்கள், மேலே நாங்கள் விண்வெளிக் கப்பல் கட்டிக்கொண்டிருப்போம்.

நான் அங்கே போய்ச் சேரும்போது நல்ல நிலைமையில் இல்லை. சென்னையில் இரண்டு கம்பெனிகள் என்னை வீட்டுக்கு அனுப்பியிருந்தன. இரண்டாவது இடத்தில் இருந்த அதிகாரி அம்மா தங்கமான குணம், அதுதான் கொடுமை. “உங்க வேலையில ஒரு குறையும் இல்ல. ஆனா உங்களுக்குன்னு இங்க வேலை இல்ல” என்று புன்னகையோடு சொன்னார். குறை சொல்லியிருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன். ஊருக்கு வந்தால் தெருவில் பார்க்கிற ஆளெல்லாம், “எப்பம் வந்திய? எப்பம் போறிய?” என்று கேட்டார்கள். பாசத்தில் கேட்கிற கேள்விதான், மறுப்பதற்கில்லை. ஆனாலும் மூன்றாவது மாதம் நான் தேரடிப் பக்கமே போவதை விட்டுவிட்டு, சந்து வழியாகச் சுற்றிப் போக ஆரம்பித்தேன். முப்பத்தைந்து வயதில், உலகத்தில் எந்த இடத்திலும் நம்மைக் கொண்டு ஆக வேண்டியது ஒன்றும் இல்லை என்று ஒருவனுக்குத் தோன்றிவிட்டால் அது சாதாரணமான நோய் இல்லை. சாப்பாடு இறங்காது.

இஸ்திரி போட்ட சட்டையோடு நேர்முகத் தேர்வுக்கு என்று மாடி ஏறினேன். மைனி என்னைப் பார்த்ததும், “நல்ல நேரத்துக்கு வந்திய. இந்த வயரைக் கொஞ்சம் பிடிங்க” என்று ஒரு நீல வயரின் முனையைக் கையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். வயர் சுவரில் இருந்த ஓட்டை வழியாக அடுத்த அறைக்குப் போனது. “இழுக்கவா?” என்று உள்ளேயிருந்து ஒரு குரல். “இழுங்க” என்றேன். “விடுங்க.” விட்டேன். அந்தக் குரல்தான் கணபதி, சர்வர் பார்க்கிறவன். அரை மணி நேரம் முகம் தெரியாமலே இழுத்தும் விட்டும் பேசிக்கொண்டிருந்ததில் அவன் ராயகிரிக்காரன் என்பதும், என் மாமா பையனோடு படித்தவன் என்பதும் தெரிந்துபோயிற்று. கடைசியில் மைனி வந்து, “நாளைக்கு ஒம்பது மணிக்கு வந்துருங்க” என்றார். ஒரு கேள்வி கேட்கவில்லை. நீங்க, வாங்க எல்லாம் அன்றைக்கு மட்டும்தான். மறுநாளிலிருந்து நான் ‘ஏல’ ஆனேன். கோபமோ உற்சாகமோ வந்தால் ‘கொழுந்தனாரே’.

இப்போது நாங்கள் அங்கே செய்த விளையாட்டும் இல்லை, அந்த மாடியும் கீழே இருக்கிற ஜவுளிக்கடையோடு சேர்ந்துவிட்டது. அண்ணனும் மைனியும் மகள் இருக்கிற கோயம்புத்தூருக்குப் போய்விட்டார்கள். அங்கே அடுக்குமாடிக் குடியிருப்பில் இந்நேரம் எத்தனை பேர் கையில் என்னென்ன கொடுத்து வைத்திருக்கிறாரோ, நினைத்தால் சிரிப்பு வருகிறது. நான் இங்கேயே இருக்கிறேன், வீட்டிலிருந்தே விளையாட்டுகளுக்கு எழுதுகிறேன். அதற்கு அவர்தான் காரணம், வேறு யாருக்கும் அதில் பங்கு கொடுக்க மாட்டேன்.

எல்லாவற்றுக்கும் வேலைதான் மருந்து என்பது அவருடைய கட்சி. அண்ணன் ஒருமுறை காய்ச்சலில் படுத்திருந்தபோது பார்க்கப் போனோம். மனிதர் போர்த்திக்கொண்டு சாய்ந்தபடி பூண்டு உரித்துக்கொண்டிருந்தார். “கை நல்லாத்தானே இருக்கு” என்றார் மைனி. இதில் அவர் வாங்கிக் கட்டிக்கொண்டதும் உண்டு. கோயிலில் ஆடித்தபசுத் திருவிழா சமயத்தில் அவர் வீட்டுக்குப் புளியங்குடியிலிருந்து தூரத்துச் சம்பந்தக்காரர் ஒருவர் வேட்டி சட்டை மடிப்புக் கலையாமல் வந்திருக்கிறார். அவரைப் போய் எலுமிச்சம்பழ மூட்டையை மாடிக்குத் தூக்க வைத்துவிட்டார். மனிதர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு சாப்பிடாமல் போய்விட்டார். அண்ணன் தலையில் அடித்துக்கொண்டு, மன்னிப்புக் கேட்டுவிட்டு வா என்று அனுப்பினார். போன இடத்தில் அவர் வீட்டு வாசல் பல்பு எரியவில்லை. மைனி ஸ்டூல் மேல் ஏறி, அந்த மனிதரையே ஸ்டூலைப் பிடிக்கச் சொல்லி, பல்பை மாட்டிவிட்டு வந்தார். அதற்குப் பிறகு அவர் எங்கள் ஆபீசுக்கே வந்து போக ஆரம்பித்துவிட்டார்.

எனக்கு ஒருமுறை உண்மையிலேயே கோபம் வந்தது. எங்களிடம் படம் வரைகிற செல்வி என்ற பெண்ணுக்கு அப்பா இறந்துபோனார். காரியம் முடிந்து வந்தவள் கம்ப்யூட்டரைத் திறந்து வைத்துக்கொண்டு வெறித்துப் பார்த்தபடி இருந்தாள். நாங்கள் எல்லோரும், வீட்டுக்குப் போம்மா, நாலு நாள் கழித்து வா என்றோம். மைனி அவள் பக்கத்தில் போய் நின்று, “ஏட்டி, இந்த விண்கல்லு எல்லாம் ஒரே அச்சுல வார்த்த மாதிரி இருக்கு. ஒவ்வொன்னுக்கும் வேற வேற மூஞ்சி வரைஞ்சு குடு” என்றார். ஈவு இரக்கம் இல்லையா என்று நான் கேட்டேவிட்டேன். மைனி அடுத்த ஆளுக்குச் சோலி கொடுக்கப் போய்விட்டார். செல்விதான் ரொம்ப நாள் கழித்து ஒருநாள் டீ குடிக்கும்போது சொன்னாள்: “எல்லாரும் என்னை உக்காரு உக்காருன்னு சொன்னாவ. உக்காந்தா அப்பாதான் வாராவ. கல்லு வரையும்போதுதான் அண்ணாச்சி எனக்கு மூச்சு விட முடிஞ்சுது.” அதிலிருந்து நான் மைனியோடு அந்த விஷயத்தில் வாய் கொடுப்பதில்லை.

எங்களுக்கு வந்த வேலையைச் சொல்கிறேன். ‘செவ்வந்திக் கலம்’ என்று ஒரு தொலைக்காட்சித் தொடர், ஞாயிற்றுக்கிழமை காலையில் வரும். செவ்வந்தி என்பது விண்வெளிக் கப்பலின் பெயர். அதன் கேப்டன் ஊதா நிறத்தில் தோள்பட்டை வைத்த உடுப்போடு வந்து நின்று கையை நெஞ்சில் வைத்தால் ஊரே வீட்டுக்குள் இருக்கும். தொடர் முடிந்து, மறுபடி தொடங்கி, படக்கதை, பென்சில் பெட்டி, பனியன் என்று பெருகிப் போயிருந்தது. அதைப் பல பேர் ஒரே நேரத்தில் நெட்டில் சேர்ந்து விளையாடுகிற விளையாட்டாக மாற்றித் தர வேண்டும் என்று சேனல் கேட்டது. அண்ணன் எப்படியோ அதைப் பிடித்துக்கொண்டு வந்துவிட்டார். நான் அந்தத் தொடரைப் பார்த்து வளர்ந்தவன். கேப்டனுக்கு வசனம் எழுதுகிற வேலை எனக்கு என்றதும் அன்றைக்குத்தான் பல மாதத்துக்குப் பிறகு வயிறு நிறையச் சாப்பிட்டேன்.

உள்ளே இறங்கினால்தான் வண்டவாளம் தெரிந்தது. முதலாவது, கப்பலில் ஒன்றுமே இல்லை. பழைய காட்சிகளை நிறுத்தி நிறுத்திப் பார்த்து வரைபடம் போட்டோம். ஒரே ஒரு நடைபாதையைத்தான் இந்தப் பக்கமிருந்தும் அந்தப் பக்கமிருந்தும் படம் பிடித்திருக்கிறார்கள். கதவுகளுக்குப் பின்னால் அறை கிடையாது. மைனி வரைபடத்தை வெகு நேரம் பார்த்துவிட்டு, “இத்தன வருசமா இவிய எங்கனல சாப்பிட்டாவ? அடுப்படியே இல்லையே” என்றார். சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை. சமையலறை, தண்ணீர்த் தொட்டி, எஞ்சினுக்குக் கீழே குழாய்கள், துணி காயப்போடக் கொடி வரைக்கும் சேர்க்கச் சொல்லி செல்வியிடம் கொடுத்துவிட்டார்.

இரண்டாவது, கேப்டன். அவர் தோற்கக் கூடாது, உட்காரக் கூடாது, யாரிடமும் மன்னிப்புக் கேட்கக் கூடாது என்று சேனலின் கட்டளை. சரி, விளையாடுகிற எல்லோருமே கேப்டனாக இருக்கட்டும், யாருக்குத்தான் அந்த ஆசை இல்லை என்று நாங்கள் முடிவு செய்தோம். தெரிந்தவர்களை எல்லாம் அவரவர் வீட்டிலிருந்து நெட்டில் வரச் சொல்லி ஒரு சோதனை வைத்தோம். அடடா, அந்தக் கூத்தை என்னவென்று சொல்ல! ஊதா உடுப்பில் ஒரே முகமாக ஒரு கூட்டம். எல்லோரும் சுக்கானைப் பிடிக்கத்தான் ஓடினார்கள். “எவம்ல எனக்கு முன்னால வந்து எம்மூஞ்சிய வச்சுக்கிட்டு நிக்கான்?” என்று ஒருத்தர் ஹெட்போனில் கத்தினார். எஞ்சின் பக்கம் ஒரு குருவி போகவில்லை. கப்பல் சுற்றிச் சுற்றி வந்து செல்வி வரைந்த கல்லிலேயே மோதி உடைந்தது.

அடுத்த தடவை ஒருத்தர்தான் கேப்டன், மற்றவர்கள் மாலுமிகள் என்று வைத்துப் பார்த்தோம். நான் எழுதிய வசனத்தை எல்லாம் கேப்டன் பேசினார். மாலுமிகள் சுற்றி நின்று கேட்டார்கள். பிறகு ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள். தென்காசியிலிருந்து விளையாடிய ஒருவர் போனில் சொன்னார்: “அவரு பேசுதாரு, நாங்க கேக்கோம். இதுக்கு டிவியிலயே பாத்துட்டுப் போயிருவமே அண்ணாச்சி.”

சேனலுக்குப் பொறுமை போய்விட்டது. ஆவணி முடிவதற்குள் ஆட்கள் விட்டுப் போகாமல் கடைசி வரை விளையாடுகிற மாதிரி ஒன்றைக் காட்ட வேண்டும், இல்லையென்றால் ஐதராபாத்தில் வேறு கம்பெனிக்குக் கொடுத்துவிடுவோம் என்றார்கள். அண்ணன் எங்களை உட்கார வைத்து ஒளிக்காமல் சொன்னார். அது போனால் மாடியைப் பூட்டிச் சாவியை ஜவுளிக்கடையில் கொடுக்க வேண்டியதுதான். எனக்கு உடனே தோன்றியது தேரடியும் சந்தும்தான்.

அந்த வாரம் இளையரசனேந்தலில் மைனிக்குச் சொந்தத்தில் ஒரு கல்யாணம். முந்தின நாள் சாயங்காலம் காய் வெட்டுக்கு எங்களையும் இழுத்துக்கொண்டு போனார். வெளியூர்க்காரர்களுக்குத் தெரியாமல் இருக்கலாம்: கல்யாணத்துக்கு முந்தின நாள் சொந்தக்காரரும் தெருக்காரரும் வந்து உட்கார்ந்து மறுநாள் பந்திக்குக் காய் நறுக்கிக் கொடுப்பார்கள். அரிவாள்மணை கிடைத்தவர் பூசணிக்காய் வெட்டுவார், கிடைக்காதவர் வெங்காயம் உரிப்பார், கண் எரிகிறது என்பவர் கொத்தமல்லி ஆய்வார். சோலி இல்லை என்று ஒருத்தரை விட்டுவிட்டால் அவ்வளவுதான், “என்னை ஒன்னுக்கும் கூப்பிடல” என்று மறுநாள் தாலி கட்டும்போது வரமாட்டார். அன்றைக்கு அந்த வீட்டில் பேச்சிலும் சிரிப்பிலும் காது அடைத்தது. கணபதி தேங்காய் துருவினான். என்னிடம் வாழைக்காய்.

மைனி நறுக்கிக்கொண்டிருந்த கையை நிறுத்திவிட்டு நிமிர்ந்து சுற்றிலும் பார்த்தார். பக்கத்தில் இருந்த பெண்ணிடம், “மாப்பிள்ள வீட்டுக்காரவ வந்துட்டாவளா?” என்று கேட்டார்.

“இல்ல மைனி. காலையிலதான் வாராவ.”

“ஏல கொழுந்தனாரே, இங்கன பாரு. மாப்பிள்ள வந்துட்டா இம்புட்டுப் பேரும் என்ன செய்வாவ?”

“மாப்பிள்ளையைப் பாப்பாவ.”

“கைய கட்டிக்கிட்டு வரிசையா உக்காந்து பாப்பாவ. வாரதுக்கு முந்திதான்ல எல்லாருக்கும் சோலி இருக்கு!” என்று அரிவாள்மணையை விட்டு எழுந்துவிட்டார். “கேப்டன் வரப்படாதுல. கேப்டன் நாளைக்குத்தான் வாராரு. நாம விளையாடுதது இன்னைக்கு.”

அவ்வளவுதான் விஷயம். கேப்டன் எங்கேயோ ஒரு கிரகத்தில் இருக்கிறார். அவர் வந்து சேருகிற வரைக்கும் பழுதான கப்பலை விளையாடுகிறவர்கள் காப்பாற்றி வைத்திருக்க வேண்டும். குழாய் உடையும், தண்ணீர் தீரும், சமையலறையில் தீப் பிடிக்கும், கல் வந்து மோதும். அவர் தோற்கவும் வேண்டாம், உட்காரவும் வேண்டாம், சேனலின் கட்டளைக்கும் பங்கம் இல்லை. ஊருக்குத் திரும்பும்போது வேனில் எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினோம். நானும்தான் பேசினேன். ஆபீஸ் வாசலில் இறங்கும்போதுதான் எனக்கு உறைத்தது. கேப்டன் இல்லையென்றால் கேப்டனுக்கு வசனம் எதற்கு?

கல்யாணம் முடிந்த மறுநாள் மைனி எல்லோருக்கும் வேலை பிரித்துக் கொடுத்தார். என் முறை வந்ததும் கையிலிருந்த தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “எனக்கு மைனி?” என்றேன். “யோசிக்கேன்” என்றார். ஊரான் வீட்டுக் கூரியர்காரனுக்கெல்லாம் சோலி கொடுத்த மனுஷி, எனக்குக் கொடுக்க ஒன்றும் இல்லாமல் நின்றார். அந்த வாரம் முழுக்க அந்த மாடியில் கையை வீசிக்கொண்டு இருந்த ஒரே ஆள் நான்தான். போதாக்குறைக்குக் கணபதி வேறு ஆறுதல் சொல்கிறேன் பேர்வழி என்று, “நீ கவலப்படாத. மைனி எதையாவது உண்டாக்கியாவது குடுப்பாவ. நீ மொத நாள் பிடிச்ச வயரு கூட எதுலயும் மாட்டாத பழைய வயருதான” என்று உளறி வைத்தான். பாவி, நல்லதுக்குத்தான் சொன்னான். அப்படியென்றால் ஆரம்பத்திலிருந்தே எனக்கு இங்கே வேலை இருந்ததா, இல்லை பாவம் பார்த்துக் கொடுத்ததா?

புதிய கப்பலைச் சோதித்துப் பார்த்தபோது ஒரு சிக்கல் வந்தது. பழகினவர்கள் ஓடி ஓடி வேலை செய்தார்கள். புதிதாக உள்ளே வருகிறவர்கள் வாசலிலேயே திருதிருவென்று நின்றார்கள். கல்யாண வீட்டில் கூப்பிட்டுச் சொல்ல ஆள் உண்டு, கப்பலில் யார் சொல்வது? மைனியே மைக்கைப் பிடித்து உட்கார்ந்துவிட்டார். “தென்காசிக்காரரே, அந்தக் குழாயைப் பிடிங்க. யாரது மூலையில? வாங்க, இங்கன தீ எரியுது” என்று சாயங்காலம் முழுக்கக் கத்தினார். ஒரு ஆள் வெளியே போகவில்லை. விடிந்து பார்த்தால் மைனிக்குத் தொண்டை சுத்தமாகக் கட்டிவிட்டது. வாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது.

அந்தக் காற்றுக் குரலோடு என் நாற்காலிக்கு வந்தார். “கப்பலே பேசணும்ல. நான் பேசுத மாதிரி பேசணும். நீ எழுது.”

எனக்கு ரோசம் வந்துவிட்டது. “இது நெசமாவே உள்ள சோலியா, இல்ல வயரு பிடிக்கிற சோலியா?” என்றேன்.

மைனிக்குச் சிரிப்பு வந்து இருமலாகிவிட்டது. “கணபதி சொன்னானா? கோட்டிப்பய. அந்த வயரு எதுலயும் மாட்டலதான். ஆனா அன்னைக்குச் சாயங்காலம் நீங்க ரெண்டு பேரும் ஒன்னா டீ குடிக்கப் போனியளா இல்லையா?” என்றார். பிறகு சிரிப்பு நின்றுபோய், “இது அப்படி இல்லல. எனக்குத் தொண்டை போயிட்டு. நீ எழுதலன்னா ஒரு ஆளு கப்பல்ல நிக்கமாட்டான்” என்றார். அவர் கண்ணில் பயம் இருந்தது. மைனி பயந்து அதற்கு முன்னால் நான் பார்த்ததே இல்லை.

எழுத உட்கார்ந்தபோதுதான் இவ்வளவு நாளும் நான் சிரித்துக்கொண்டே பார்த்திருந்த மனுஷியைச் சரியாகப் பார்த்தேன். மைனி யாரிடமும் “உங்களால முடியுமா?” என்று கேட்கவே மாட்டார். கேட்டால் ஆள் யோசிப்பான். “இதைப் பிடிங்க” என்றுதான் சொல்வார். புதிதாக வந்தவருக்குத் தனியாகச் செய்கிற வேலையைத் தரவே மாட்டார். மேஜையென்றால் மறுமுனையில் ஓர் ஆள், ஏணியென்றால் மேலே ஓர் ஆள். தப்புச் செய்தால் திட்டமாட்டார், இன்னொரு வேலை கொடுப்பார். இதையெல்லாம் கப்பலுக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டியிருந்தது. பேசாதவரை எப்படிக் கூப்பிடுவது, பெரிய வாய் பேசுகிறவரை எங்கே அனுப்புவது, தீயைக் கண்டு ஓடினவரைக் கூச்சப்படாமல் எப்படித் திரும்ப வரவழைப்பது என்று எழுதிக்கொண்டே போனேன். விளையாடுகிறவர் பதிந்து வைத்த ஊர்ப் பெயரைக் கப்பல் சொல்கிற மாதிரி கணபதி செய்து கொடுத்தான். மைனிக்குக் குரல் வராததால் செல்விதான் எல்லாவற்றையும் பேசிப் பதிவு செய்து கொடுத்தாள், அச்சு அசல் மைனியின் இழுப்போடு. எழுதும்போது எனக்குப் பசித்தது. வீட்டில் அம்மா இரண்டாம் தடவை சோறு போட்டுக்கொண்டே என் முகத்தைப் பார்த்தார்.

சேனலிலிருந்து ஒருவர் வந்தார். நல்ல மனிதர்தான், அவசரக்காரர். அன்றைக்குச் சாயங்காலமே சென்னை ரயிலைப் பிடிக்க வேண்டும் என்று வந்ததுமே சொல்லிவிட்டார். பல ஊர்களிலிருந்து ஆட்கள் நெட்டில் காத்திருந்தார்கள். அவர் திரையைப் பார்த்துவிட்டு, “கேப்டன் எங்க சார்?” என்றார்.

“நாளைக்கு வாராரு” என்றார் அண்ணன்.

“என்ன சார் விளையாடறீங்களா? கேப்டன் இல்லாம செவ்வந்தியா? அதுவும் கப்பல் இப்படியா பேசும்? விண்வெளியில சங்கரன்கோவில் தமிழா?”

மைனிக்குப் பதில் சொல்லக் குரல் இல்லை. ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு அவர் கையில் ஹெட்போனைக் கொடுத்தார். அவர் வேண்டாவெறுப்பாக மாட்டிக்கொண்டு கப்பலுக்குள் போய் வாசலில் நின்றார். நாங்கள் எல்லோரும் அவருக்குப் பின்னால் நெருக்கியடித்து நின்றோம்.

“சென்னையில இருந்து வந்த அண்ணாச்சி, ஏன் அங்கனயே நிக்கிய? இங்கன வாங்க” என்றது கப்பல். “இந்தக் குழாயைப் பிடிங்க. அந்தப் பக்கம் புளியங்குடிக்காரரு பிடிச்சிருக்காவ.”

அவர் திரும்பி எங்களைப் பார்த்தார். பிறகு பிடித்தார். புளியங்குடிக்காரர் யாரென்று நினைக்கிறீர்கள், எலுமிச்சை மூட்டை தூக்கிய அந்தச் சம்பந்தக்காரரேதான். “வந்துட்டியளா? நல்லா இறுக்கிப் பிடிங்க. நீங்க விட்டியன்னா சமையக்கட்டுல நிக்க மூணு பேரும் போயிருவாவ” என்றார். சேனல்காரர் இறுக்கிப் பிடித்தார். தண்ணீர் பீறிட்டது. “எனக்குக் கை வழுக்குது சார்!” என்று இவர் கத்த, “விடாதிய, விடாதிய, ஆளு வாராவ!” என்று அவர் கத்த, கப்பல் தென்காசிக்காரர் ஒருவரை ஓட ஓட அனுப்பியது. அண்ணன் மெதுவாகக் குனிந்து, “சார், ரயிலுக்கு நேரமாயிட்டு” என்றார். “ஒரு நிமிஷம் சார், இதை எப்படி விடறது?” என்றார் அவர், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

பக்கத்து ஸ்டேஷனிலிருந்து ரயில் ஊதிக்கொண்டு கிளம்பியது எங்கள் எல்லோர் காதிலும் விழுந்தது. அவர் காதில் மட்டும் விழவில்லை. செல்வி என் கையைப் பிடித்துக் கிள்ளினாள்.

கடைசியில் ஹெட்போனைக் கழற்றியபோது மனிதருக்குச் சட்டை நனைந்திருந்தது. விளையாட வந்த ஒருத்தரும் இடையில் போகவில்லை என்று கணபதி சொன்னான். “கேப்டன் வரவே மாட்டாரா மேடம்?” என்று சேனல்காரர் கேட்டார்.

“வந்துக்கிட்டே இருக்காரு சார்” என்றார் மைனி காற்றுக் குரலில். அந்த மனிதர் விழுந்து விழுந்து சிரித்தார். எங்களுக்கு மாடி தப்பியது.

சாப்பாடு வாங்கி வரச் சொல்லியிருந்தது. அதற்குள் சேனல்காரர் மறுபடி அதிகாரியாகிவிட்டார். இனி மாதாமாதம் எவ்வளவு ஆள் வேண்டும், யார் யார் இருக்க வேண்டும் என்று அண்ணனிடம் பேச ஆரம்பித்தார். சர்வருக்குக் கணபதி, சரி. படத்துக்குச் செல்வி, சரி. “கேப்டன் டயலாக் எழுத ஒருத்தர் இருந்தாரே? இப்ப கேப்டனே இல்ல. அவருக்கு இங்க என்ன வேலை?”

அதே கேள்வி, அதே நல்ல குணத்தோடு. நான் சுவரோரமாக நின்று தரையைப் பார்த்தேன். இரண்டு தடவை கேட்டாயிற்று, மூன்றாவது தடவையும் கேட்டுத் தொலைப்போம் என்று மனதைக் கல்லாக்கிக்கொண்டேன். அண்ணன் ஏதோ சமாதானம் சொல்ல வாயெடுத்தார். மைனி கையைக் காட்டி அவரை நிறுத்தினார். தொண்டையைச் செருமினார். நாலைந்து நாளாக வராத குரல் கரகரவென்று உடைந்து வந்தது.

“அவன்தான் சார் கப்பல்.”

சேனல்காரர் என்னைத் திரும்பிப் பார்த்தார். “அந்தப் பேச்செல்லாம் நீங்களா?” என்றார். தலையை ஆட்டினேன். அவர் நாற்காலியை விட்டு எழுந்து வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஆள் எதிரில் அழுதுவிடுவேனோ என்று பயந்து நின்றேன்.

மைனி என் முகத்தைப் பார்த்துவிட்டார்.

“ஏல, என்ன நின்னுக்கிட்டு இருக்க?” என்றார். “சாரு பசியோட இருக்காவ. இலையப் போடு.”